தொட்டுப் பார்க்காத மருத்துவம் யாருக்கு?

'திரைக்குச் சாதி தெரியாது.' தொலை மருத்துவம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம் தோழர்களிலேயே சிலர் இப்படிச் சொல்கிறார்கள். மருத்துவர் ஓரிடத்தில், நோயாளி ஓரிடத்தில், நடுவில் ஒரு கைபேசி. தொடுவதே இல்லை என்றால் தீண்டாமை எங்கிருந்து வரும் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கோ இதைக் கேட்கும்போதெல்லாம் 1929ஆம் ஆண்டின் தெர்மாமீட்டர் ஒன்று நினைவுக்கு வருகிறது.

கத்தியவார் பகுதியில் ஒரு கிராமப் பள்ளி ஆசிரியர். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர். அவருடைய மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டு நாளில் உடம்பு கெட்டு, மூச்சுவிடவே சிரமமாகிறது. சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார் மருத்துவர். ஊர்ப் பெரிய மனிதர்களின் காலைப் பிடித்து, இரண்டு ரூபாய் கட்டணத்துக்கு அவர்கள் பொறுப்பேற்ற பிறகு, நோயாளியைச் சேரிக்கு வெளியே தூக்கிவந்தால் பார்ப்பதாக ஒப்புக்கொள்கிறார். பச்சைக் குழந்தையோடு அந்தத் தாயை வெளியே கொண்டுவருகிறார்கள். மருத்துவர் தன் தெர்மாமீட்டரை அங்கிருந்த முஸ்லிம் ஒருவரிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவிக்கு வைக்கிறார். வந்த வழியே அது திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொல்லிப் போன மருத்துவர், மருந்தை மட்டும் அனுப்பிவைக்கிறார். மறுபடி வந்து பார்க்க மறுத்துவிடுகிறார். அந்தப் பெண் இறந்துபோனார். அவருடைய கணவர் எழுதிய கடிதம் 1929 டிசம்பர் 12ஆம் தேதி 'யங் இந்தியா' இதழில் வந்தது. புரட்சியாளர் அம்பேத்கர் அதைத் தன்னுடைய 'வெயிட்டிங் ஃபார் எ விசா' குறிப்புகளில் எடுத்துச் சேர்த்திருக்கிறார்.

அன்று அந்த மருத்துவர் பார்த்த வைத்தியத்துக்கு வேறென்ன பெயர் வைப்பீர்கள்? நோயாளி தூரத்தில். நடுவில் ஆட்கள். கருவி காட்டும் ஓர் எண். எண்ணைப் பார்த்து நோயின் பெயர். பிறகு மருந்துச் சீட்டு. இணையம் ஒன்றுதான் இல்லை. தொடாமல் மருத்துவம் பார்ப்பது இந்த நாட்டுக்கு 2020இல் கொரோனாவோடு வந்திறங்கிய புதுமை கிடையாது. தொலைவு இங்கே மருத்துவத்துக்குள் எப்போதோ குடியேறிவிட்டது. ஆகவே தொலை மருத்துவம் தீண்டாமையை ஒழிக்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை. தொட்டுப் பார்க்க வேண்டிய கடமையை அது ஒழிக்கப்போகிறது என்பதுதான் என் அச்சம்.

நான் செவிலியர். கிராமத்துத் துணை சுகாதார நிலையம் ஒன்றில் ஒப்பந்த ஊழியர். மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் திரைக்கு இந்தப் பக்கம், நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தெர்மாமீட்டரைக் கை மாற்றிக் கொடுக்கும் இடத்தில் இருப்பவள் என்பதால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில், எது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒன்றிய அரசின் இ-சஞ்சீவனி இரண்டு வகையாக ஓடுகிறது. 2019இல் தொடங்கியது ஒரு வகை: கிராம நிலையத்தில் என்னைப் போன்ற ஒருவர் நோயாளியை வைத்துக்கொண்டு வேறெங்கோ இருக்கும் மருத்துவரைக் கூப்பிடுவது. 2020 ஏப்ரலில் தொடங்கியது இன்னொரு வகை: நோயாளியே வீட்டிலிருந்து கூப்பிடுவது. 2023 பிப்ரவரியில் இதில் நடந்த ஆலோசனைகள் 10 கோடியைத் தாண்டிவிட்டதாக அரசு அறிவித்தது. இப்போது அதைப் போலப் பல மடங்கு. கோடிகளைச் சொல்கிறார்கள். அந்த அழைப்புகளில் நோயாளி எத்தனை வாக்கியம் பேசினார் என்பதற்குக் கணக்கு இல்லை.

நான் பார்த்தவரை, நோயாளி பேசுவதே இல்லை. மருத்துவர் திரையில் தெரிகிறார். "சொல்லுங்க சிஸ்டர், என்ன கம்ப்ளைன்ட்?" என்று என்னிடம் கேட்கிறார். அறுபது வயது அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். உடம்பு அவருடையது, வலியும் அவருடையது. பதில் நான் சொல்ல வேண்டும். அவரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார். அடுத்த கேள்வி வருகிறது: "அது மாத்திரை ஒழுங்கா போடுதா?"

'அது' என்ற சொல்லைக் கவனியுங்கள். தமிழில் ஒருவரை எதிரில் வைத்துக்கொண்டு 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்று நமக்கெல்லாம் ஒரு தயக்கம் வரும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போகும் நம் ஆட்களுக்கு 'வா', 'போ', 'உக்காரு' கிடைக்கும். அதற்கே நாம் எவ்வளவு சண்டை போட்டிருக்கிறோம். திரை வந்த பிறகு அந்த 'நீ'யும் போய்விட்டது. முன்னிலையிலிருந்து படர்க்கைக்கு, அதிலும் அஃறிணைக்கு இறங்கிவிட்டோம். இதே திரையில், ஊர்த் தெருவிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் "சார், இப்ப எப்படி இருக்கு?" என்று நேராகப் பேசுவதையும் பார்த்திருக்கிறேன். அவர் என்னை ஒதுக்கிவிட்டு டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். அவருக்குத் திரையோடு பேச யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தன்னிடம் பேசுவார்கள் என்ற நம்பிக்கை அவருக்குப் பிறப்பிலேயே இருக்கிறது.

மொழியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதிப் பெண்கள் நோயைச் சொல்லும் விதம் தனி. 'மேலுக்கு முடியல' என்பார்கள். 'கை கால் குடையுது', 'நெஞ்சுக்குள்ள படபடன்னு வருது', 'வயித்துல ஏதோ உருளுது', 'கிறுகிறுன்னு கண்ணு இருட்டுது'. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பொருள். கை கால் குடைச்சல் என்றால் நாள் முழுக்க நாற்று நட்ட வலியாக இருக்கலாம், சர்க்கரை நோயால் நரம்பு கெட்டதாக இருக்கலாம், ரத்தசோகையாக இருக்கலாம். 'வலிக்குது' என்று சொல்லாமல் ஏன் 'குடையுது' என்கிறாய் என்று திருப்பிக் கேட்டால்தான் தெரியும். செயலியில் எனக்குக் கிடைப்பதோ ஒரு பட்டியல். காய்ச்சல், இருமல், தலைவலி, உடல்வலி. குடைச்சலும் உடல்வலி, உளைச்சலும் உடல்வலி. அந்த அம்மா பத்து நிமிடம் சொன்னதை நான் ஒரு சொல்லில் தட்டிவிடுகிறேன். மருத்துவருக்கு என் சொல்தான் போய்ச் சேர்கிறது. அவர் அனுப்பும் சீட்டிலும் பெரும்பாலும் பாராசிட்டமால்தான் இருக்கும். இதில் மருத்துவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வரிசையில் அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்று அவருடைய திரை காட்டிக்கொண்டே இருக்கிறது.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். வயது 38 இருக்கும். செங்கல் சூளை வேலை. கால் வலி என்று வந்தார். அழைப்பில் மருத்துவர் கேட்டதும் கால் வலி பற்றித்தான். வலி மாத்திரை, கால்சியம் மாத்திரை எழுதினார். அழைப்பு முடிந்தது. அந்தப் பெண் எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வாசல்வரை போனார். நிலைப்படியைப் பிடித்துத் திரும்பி நின்று, "ராத்திரி படுத்தா மூச்சு முட்டுது சிஸ்டர். உக்காந்துக்கிட்டேதான் தூங்குறேன்" என்றார். உள்ளே கூப்பிட்டு முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. திரும்பவும் அழைப்புப் போட்டபோது கிடைத்தவர் வேறொரு மருத்துவர். விவரம் சொல்லிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து, கவனிப்பாரில்லாமல் இதய வால்வு சுருங்கியிருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டிருந்தால் அங்கேயே சந்தேகம் வந்திருக்கும். நெருக்கமான குடிசைகளில், மருத்துவம் எட்டாத வீடுகளில் வளரும் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும் நோய் அது.

வாசல்வரை போய்த் திரும்பி நின்று சொல்வதில்தான் எங்கள் பெண்கள் உண்மையைச் சொல்வார்கள். வெள்ளைப்படுதலை, கருக்கலைப்பை, கணவன் அடித்ததை, குடும்பத்தில் நடந்த தற்கொலை முயற்சியை, எல்லாவற்றையும். முதலில் தலைவலி என்று வருவார்கள். நம்மை அளந்து பார்ப்பார்கள். இவளிடம் சொல்லலாமா, இவள் கேட்பாளா, ஊரில் போய்ச் சொல்லிவிடுவாளா என்று யோசிப்பார்கள். அளந்து முடிக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். காணொலி அழைப்பில் வாசலே கிடையாது, சிவப்புப் பொத்தான்தான் இருக்கிறது.

வீட்டிலிருந்து கூப்பிடும் வகை இன்னும் மோசம். யாருடைய கைபேசி அது? 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில், தாங்களே பயன்படுத்தும் கைபேசி வைத்திருப்பவர்கள் ஏறக்குறைய 54 விழுக்காடுதான். மீதிப் பேருக்கு அது கணவனுடையது, மகனுடையது. ஒற்றை அறை வீட்டில், ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு, மகன் பிடித்திருக்கும் கைபேசியைப் பார்த்து மாதவிடாய்ச் சிக்கலைச் சொல்லச் சொல்கிறோம். அவர் சொல்லமாட்டார். 'நோயாளி எந்தப் பிரச்சினையும் சொல்லவில்லை' என்று பதிவாகும்.

இனி அந்த 'திரைக்குச் சாதி தெரியாது' வாதத்துக்கு வருவோம். தொலை மருத்துவ நடைமுறைக்கான வழிகாட்டுதலை இந்திய மருத்துவக் கவுன்சிலின் ஆளுநர் குழு வெளியிட்டது 2020 மார்ச் 25 அன்று. நாடடங்கிய முதல் நாள். நோயாளியின் அடையாளத்தை மருத்துவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும், பெயர், வயது, முகவரி கேட்க வேண்டும் என்கிறது அது. மருத்துவ நோக்கில் சரியான விதிதான். ஆனால் நம் முகவரிகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அம்பேத்கர் நகர், ஆதிதிராவிடர் தெரு, காலனி மேட்டுத் தெரு, அருந்ததியர் குடியிருப்பு. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். சொல் போனாலும் தெரு அங்கேயேதான் இருக்கும். உள்ளூர்க்காரர் யாருக்கும் தெருப் பெயரே போதும். பேச்சு வழக்கைக் கேட்டாலே சாதியைக் கணிக்கிறவர்கள் நிறைந்த நாடு இது. திரையில் முகம் தெளிவாகத் தெரியாமல் போகலாம், சாதி தெரிந்துவிடும்.

இதில் நான் எதிர்பாராத இன்னொரு பக்கமும் உண்டு. நானும் சேரியிலிருந்து வந்தவள். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றும்போது புடவைத் தலைப்பை நடுவில் வைத்துக்கொள்ளும் பாட்டிமார்களை ஊர்த் தெருவில் பார்த்திருக்கிறேன். இப்போது அவர்களுக்கு வசதியாகிவிட்டது. "நீ ஃபோனை மட்டும் போட்டுக் கொடும்மா, நான் டாக்டர்கிட்டயே பேசிக்கிறேன்" என்கிறார்கள். திரை தீண்டாமையை ஒழிக்கிறது என்று சொல்லும் தோழர்கள் இந்த இடத்தில் என்ன சொல்வார்கள்? என் கையைத் தவிர்க்க அவர்களுக்கு இப்போது அரசே ஒரு கருவி கொடுத்திருக்கிறது.

நேரில் பார்த்த காலம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. அப்படி ஒரு காலம் நமக்கு இருந்ததே இல்லை. 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் நடத்திய ஆய்வை வைத்து 2006இல் வந்த நூலொன்று, மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் நுழைய மறுத்ததைப் பதிவு செய்தது. குஜராத், ராஜஸ்தானில் 200 தலித் குழந்தைகளிடம் சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வு 2010இல் வந்தது. மருந்து கொடுக்கும்போது பத்தில் ஒன்பது முறை அந்தக் குழந்தைகள் பாகுபாட்டைச் சந்தித்திருக்கிறார்கள். மாத்திரையைக் கையில் வைக்காமல் மேலிருந்து போடுவதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. இந்தியாவில் ஆரம்பநிலை மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம் சராசரியாக இரண்டு நிமிடம் என்று 2017இல் வந்த பன்னாட்டு ஆய்வொன்று சொன்னது. மருத்துவர்களுக்குள்ளேயே நடப்பதும் நமக்குத் தெரியும். எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று சுகதேவ் தோரட் குழு 2007இல் எழுதியது. 2019இல் மும்பையில் பாயல் தட்வியை இழந்தோம்.

அப்படியானால் நேரில் போய் அவமானப்படுவதற்குத் தொலைபேசியே மேல் இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பல நேரங்களில் மேல்தான். 14416 என்ற எண்ணில் 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலி-மானஸ் மனநல உதவி போன்றவற்றில், முகம் தெரியாமல் இருப்பதே பேச வைக்கிறது. மருத்துவமனை வரிசையில் கேலிக்கு ஆளாகும் திருநங்கைக்கு, திருமணமாகாமல் கருத்தடை பற்றிக் கேட்க வேண்டிய பெண்ணுக்கு, திருப்பூரில் தமிழ் தெரியாமல் தவிக்கும் ஒடியாத் தொழிலாளிக்கு, தொலைபேசியில் தன் மொழியில் ஒரு மருத்துவர் கிடைத்தால் அது பெரிய விஷயம். மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறிப் போவதையும் அது மிச்சப்படுத்தும். இதையெல்லாம் நான் எதிர்க்கவில்லை. ஆனால், அவமானத்துக்குப் பயந்து ஒருவர் தொலைபேசியைத் தேர்ந்தெடுத்தால், அங்கே விசாரிக்க வேண்டியது அவமதித்தவரை. 'பாருங்கள், அவர்களே விரும்பித்தான் கூப்பிடுகிறார்கள்' என்று அதையே சாதனைக் கணக்கில் எழுதிக்கொள்வது என்ன நியாயம்?

அத்துடன், உடம்பு பேச்சால் மட்டும் ஆனதில்லை. நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. ரத்தசோகையை முதலில் எங்கே பார்ப்போம்? கீழ் இமையை இழுத்து, நாக்கை நீட்டச் சொல்லி, நகத்தை அழுத்தி. கறுத்த தோலில், மங்கிய வெளிச்சத்தில், மலிவான கைபேசிக் கேமராவில் வெளுப்பும் தெரியாது, மஞ்சளும் தெரியாது, உதட்டின் நீலமும் தெரியாது. கருவி இருக்கிறதே என்றால் அதற்கும் ஒரு கதை உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது என்று 2020 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். கொரோனாவில் வீட்டிலிருந்தபடி அந்த எண்ணைப் படித்துச் சொல்லித்தானே நாமெல்லாம் மருத்துவரோடு பேசினோம். எண்ணை மட்டும் நம்பிப் பேசினால் யாருடைய மூச்சுத் திணறல் மறைந்துபோகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது அரசியலுக்கு வருவோம். கிராமத்தில் மருத்துவர் இல்லை, அதனால் திரை என்கிறார்கள். ஏன் இல்லை? கிராமத்துக்கு மருத்துவரை எப்படிக் கொண்டுவருவது என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும், செய்தும் காட்டியிருக்கிறது. இட ஒதுக்கீட்டில் படித்து வந்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார்ந்தார்கள். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவருக்கு முதுநிலைப் படிப்பில் 50 விழுக்காடு இடம் என்ற ஏற்பாடு, இளம் மருத்துவர்களைக் கிராமத்துக்கு இழுத்து வந்தது. அந்த ஏற்பாட்டைப் பறித்தபோது உச்ச நீதிமன்றம்வரை போராடி, 2020 ஆகஸ்டில் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்ற தீர்ப்பைப் பெற வேண்டியிருந்தது. நீட் தொடர்ந்தால் ஊரகத்துக்கு மருத்துவர் கிடைக்கமாட்டார் என்று நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் எச்சரித்தது. ஒரு கையால் சேரிப் பிள்ளைகளை மருத்துவக் கல்லூரிக்கு வெளியே நிறுத்திவிட்டு, மறு கையால் சேரிக்கு ஒரு டேப்லெட்டை நீட்டுகிறவர்களை நாம் புதுமை விரும்பிகள் என்று பாராட்ட முடியாது. நோயாளியின் பேச்சைப் புரிந்துகொள்ளும் மருத்துவர் அந்தப் பேச்சு புழங்கும் வீட்டிலிருந்து வரவேண்டும். குடைச்சல் என்றால் என்னவென்று தன் அம்மாவிடம் கேட்டு வளர்ந்த மருத்துவருக்குத் திரையில்கூட அது புரியும்.

தொலை மருத்துவம் நன்றாக நடக்கும் இடமும் நம் மாநிலத்திலேயே உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் நடத்திவரும் பார்வை மையங்களில், பயிற்சி பெற்ற கிராமத்து இளம்பெண்கள் கருவிகொண்டு கண்ணை நேரில் சோதிக்கிறார்கள். அதன் பிறகுதான் மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசுகிறார். அது கண் ஒன்றுக்கு மட்டும், நடத்துவதும் ஓர் அறக்கட்டளை. அரசுக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் அதில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. திரை வேலை செய்ய வேண்டுமென்றால் நோயாளியின் பக்கத்தில் உள்ள கை வலுவாக இருக்க வேண்டும். நம் அரசுகள் செய்வதோ நேர் எதிர். திரைக்குச் செலவழித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் செவிலியரை ஒப்பந்தத்தில் வைத்திருக்கின்றன. மக்களைத் தேடி மருத்துவத்தில் வெயிலில் வீடு வீடாக நடந்து ரத்த அழுத்தம் பார்க்கும் பெண்களுக்குச் சொற்பத் தொகையைக் கொடுத்துத் 'தன்னார்வலர்' என்று பெயர் வைத்திருக்கின்றன. அந்தத் திட்டத்துக்கு 2024இல் ஐ.நா. விருது கிடைத்தது. தன்னார்வலர்கள் இன்னும் ஊழியர்கள் ஆகவில்லை.

வழிகாட்டுதலுக்குள்ளேயே இருக்கும் ஓர் ஏற்றத்தாழ்வையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கட்டத்திலும் நோயாளியை நேரில் வரச் சொல்ல மருத்துவருக்கு உரிமை உண்டு. நோயாளிக்கும் ஓர் உரிமை கொடுத்திருக்கிறார்கள்: ஆலோசனையை எந்தக் கட்டத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். எழுந்து போகும் உரிமை அது. 'என்னை நேரில் பாருங்கள்' என்று கேட்டு அதைப் பெறும் உரிமை அதற்குள் அடங்காது. நோயாளியே அழைத்தால் அழைப்பதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருக்கிறது. செவிலியர் அழைத்தால் வெளிப்படையாகச் சம்மதம் கேட்டுப் பதிய வேண்டும். படிக்கத் தெரியாத ஒருவரிடம், மருத்துவரே இல்லாத நிலையத்தில், "டாக்டர்கிட்ட ஃபோன்ல பேசலாமா?" என்று கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார்? வேறு வழி இருந்தால்தானே அது சம்மதம்.

இளம் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. சாலை, விளக்கு, குடிநீர் பற்றிப் பேசுகிறோம். அடுத்த முறை துணை சுகாதார நிலையத்தைப் பற்றிப் பேசுங்கள். அது ஊர்த் தெருவில் இருக்கிறதா, நம் பெண்கள் இருட்டில் நடந்து போகக்கூடிய இடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவர் நேரில் வரும் நாள் எது, கடைசியாக எப்போது வந்தார், வந்தபோது நம் தெருவுக்குள் நுழைந்தாரா என்று கேளுங்கள். திரையில் பார்த்தும் தீராத நோயாளியை இத்தனை நாளுக்குள் ஒரு மருத்துவர் நேரில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நாள் குறித்துத் தீர்மானம் கொண்டுவாருங்கள். அழைப்பு நடக்கும்போது மருத்துவர் நோயாளியின் பெயரைச் சொல்லி, 'நீங்கள்' என்று கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் அது எழுத்தாக ஏறுகிறவரை யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.